கேபின்காரர் பதில்கள் – இந்த முறை மின்வெட்டு

சென்ற இதழில் புரொஜெக்டரில் எரிந்த பழைய கார்பன் விளக்கைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார்பனை விட்டுவிட்டு மின்வெட்டைப் பிடித்துக்கொண்டன. வட ஆற்காட்டுக்காரர்களிடம் மின்சாரம் என்று பேச்செடுத்தால் அப்படித்தான் ஆகும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: பேரணாம்பட்டுப் பக்கம் டூரிங் கொட்டகையில் ரீல் சுற்றத் தொடங்கி, வேலூரில் ஆபரேட்டராகி, டிஜிட்டல் வந்த பிறகு மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் திரையரங்கு என்று கேட்காதீர்கள். முதலாளியின் பிள்ளைகள் இந்த இதழுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: திரையரங்கில் ஆபரேட்டருக்கு உதவியாளாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். படம் ஓடும்போது மின்சாரம் போனால் விசிலும் கூச்சலும் கிளம்புகின்றன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
— இளைஞர், குடியாத்தம்

தம்பி, விசிலைக் கேட்டுக் கலங்காதே. விசில் அடிக்கிறவனுக்குப் பயமில்லை. அவன் இன்னும் சினிமா பார்க்க வந்தவனாகவே இருக்கிறான். பேச்சு அடங்கி, நாற்காலிகள் மட்டும் படபடவென்று மடங்கும் சத்தம் கேட்டால்தான் நீ ஓட வேண்டும். கூட்டம் எழுந்துவிட்டது என்று பொருள்.

புரொஜெக்டரை ஆபரேட்டர் பார்த்துக்கொள்வார். உன் வேலை டார்ச். அதைத் தரையை நோக்கிப் பிடி, படிக்கட்டின் விளிம்பில் வெளிச்சம் விழும்படி. புதியவர்கள் எல்லாரும் ஜனங்களின் முகத்தில் அடிக்கிறார்கள். இருட்டுக்குப் பழகத் தொடங்கிய கண்ணில் வெளிச்சம் பட்டால் அந்த ஆள் இன்னும் சிறிது நேரம் குருடாகத் தடுமாறுவார். பால்கனியில்தான் முதலில் நிற்க வேண்டும். கீழே விழுந்தால் முட்டி சிராய்க்கும், பால்கனிப் படியில் உருண்டால் எலும்பு போகும்.

அடுத்தது குரல். மைக்குக்கு யு.பி.எஸ். இணைப்பு இருந்தால் மைக்கில் சொல், இல்லாவிட்டால் தொண்டையில் சொல். "இரண்டே நிமிடம்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதே. இரண்டு நிமிடம் கழிந்ததும் அரங்கில் உள்ள அத்தனை பேரும் கைப்பேசியில் மணி பார்ப்பார்கள், அதற்குப் பிறகு நீ சொல்வது எதையும் நம்ப மாட்டார்கள். "மின்சாரம் போயிருக்கிறது. ஜெனரேட்டர் போடப் போயிருக்கிறார்கள். உட்கார்ந்திருங்கள், வந்து சொல்கிறேன்." இவ்வளவு போதும். சொன்னபடி திரும்பி வந்து சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் கிளம்ப அடம்பிடித்தால் அதையும் சொல். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பொறுப்பார்கள். தங்களை மறந்துவிட்டார்கள் என்று தோன்றினால்தான் நாற்காலியின் கையை உடைப்பார்கள்.

ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும் பேனல் உங்கள் அரங்கில் இருந்தால் பத்துப் பதினைந்து நொடியில் வெளிச்சம் வந்துவிடும். கையால் போடுகிற ஏற்பாடு என்றால், ஜெனரேட்டர் போட ஓடுகிறவரும் டார்ச் பிடிக்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும். ஒருவரையே இரண்டுக்கும் நம்பிய திரையரங்குகளை நான் பார்த்திருக்கிறேன். கொல்லையில் அவர் டீசல் வால்வைத் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளே குழந்தைகள் அழுதுகொண்டிருக்கும்.

இன்னொன்று. வாசலுக்கு வந்து எதிரில் உள்ள டீக்கடையைப் பார். அங்கேயும் இருட்டு என்றால் ஊர் மின்வெட்டு. அங்கே விளக்கு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் நம் கட்டடத்துக்குள். எரிந்த ரப்பர் வாசனையோ எண்ணெய்ப் புகையோ வந்தால் யாரையும் உட்காரச் சொல்லாதே. எல்லாக் கதவுகளையும் திறந்து வெளியே அனுப்பு. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். கீழே வண்டிகள் நிறுத்தும் தளத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்து, புகை பால்கனிக்கு ஏறியது. மின்சாரம் போய் அரங்கு இருண்டபோது அவசர விளக்கு எரியவில்லை. வெளியேறுங்கள் என்று அறிவிக்க ஆளில்லை. கூடுதல் நாற்காலி போட்டு ஒரு பக்க வழியை அடைத்து வைத்திருந்தார்கள். இறந்தவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். வெளியேறும் வழியில் கேன்டீன்காரர் சோடாப் பெட்டி அடுக்கினால் இந்தக் கதையைச் சொல்லு. நகர்த்துவார்.

கேள்வி: படச்சுருள் காலத்தில் மின்சாரம் போய் வந்தால் கொஞ்சம் படம் காணாமல் போயிருக்கும். பாட்டின் நடுவில் போனால் மீதிப் பாட்டு போனதுதான். ஆபரேட்டர்கள் வேண்டுமென்றே வெட்டினீர்களா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆம்பூர்

ஐயா, இந்தக் கோபத்தை இத்தனை காலம் மனத்தில் வைத்திருந்திருக்கிறீர்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

படச்சுருள் நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்), நிமிடத்துக்கு 90 அடி என்ற கணக்கில் ஓட வேண்டும். மின்சாரம் திரும்பி வந்ததும் மோட்டாரைப் போட்டால் உடனே அந்த வேகம் வராது. வருவதற்குள் ஒலியைத் திறந்தால் பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இழுக்கும். விளக்கும் உடனே ஆயத்தமாகாது. இரண்டு கார்பன் குச்சிகளையும் தொடவைத்துப் பிரித்து, நடுவில் பொறி பிடித்து, அது நிலைக்க வேண்டும். அதுவரை விளக்குக்கு முன்னால் உள்ள தகட்டைத் திறக்க மாட்டோம். இந்த நேரத்தில் ஓடிய சுருள் திரைக்கு வராமலேயே கீழ்ப் பெட்டிக்குள் போய்விடும். பொறுமையுள்ள ஆபரேட்டர் சுருளைக் கழற்றி, சில அடி பின்னாலிருந்து மறுபடி மாட்டுவார். கீழே "டேய் ஆபரேட்டர்" என்று ஆயிரம் தொண்டைகள் கத்தும்போது பொறுமைக்கு எங்கே போவது? அப்படியே ஓட்டிவிடுவார்.

இது சிறிய இழப்பு. பெரிய இழப்பு ஒரு ஃபேஸ் மட்டும் போகும்போது நேரும். திரையரங்குக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. மோட்டார் ஒரு ஃபேசிலும் விளக்குக்காக ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர் வேறு ஃபேசிலும் இருக்கும் அரங்குகள் உண்டு. முழுவதும் போனால் பொறியும் அணைந்துவிடும், சுருளுக்கு ஆபத்தில்லை. மோட்டாரின் ஃபேஸ் மட்டும் போனால் சுருள் நின்றுவிடும், கார்பன் எரிந்துகொண்டே இருக்கும். கதாநாயகியின் கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றி, கொப்பளித்து, திரை முழுவதும் பரவுமே, பார்த்திருப்பீர்கள். தகடு தானாக விழுந்து வெளிச்சத்தை மறைக்க வேண்டும். பழைய இயந்திரங்களில் அது துருப்பிடித்து நிற்கும், கையால் தட்டி விழவைக்க வேண்டும். பழைய நைட்ரேட் சுருளாக இருந்தால் அந்த வெப்பத்தில் புரொஜெக்டர் இருக்கும் கேபினே எரிந்திருக்கும். 1950-களில் தீப்பிடிக்காத சுருள் வந்துவிட்டதால் உருகுவதோடு முடிந்தது.

உருகிய பகுதியை வெட்டி எறிந்து, இரண்டு முனைகளையும் சுரண்டி, பசை தடவி ஒட்டுவோம். ஒலித்தடம் அந்தந்தப் படச் சட்டத்துக்குச் சுமார் 20 சட்டம் முன்னால் பதிந்திருக்கும். ஆகவே ஒட்டு வந்த இடத்தில் முதலில் படம் குதிக்கும், கொஞ்சம் கழித்துப் பேச்சு குதிக்கும். அந்தக் கண நேரத்தில் ஒருவர் வாயில் மற்றவர் வசனம் வரும்.

வேலூரில் வெட்டுப்பட்ட சுருள் பெட்டியோடு அடுத்த ஊருக்குப் போகும், அங்கே அவர்கள் பங்குக்கு வெட்டுவார்கள். படம் கடைசி ஊருக்குச் சேரும்போது பாட்டு பல்லவியோடு நின்றுவிடும். நீங்கள் ஆம்பூரில் எத்தனையாவது வாரத்தில் பார்த்தீர்களோ! வெட்டிய துண்டுகளை என்ன செய்தோம் என்று கேட்கவில்லையே என்று நிம்மதியாக இருக்கிறது. கேபின் வாசலில் பையன்கள் காத்திருப்பார்கள். பூதக்கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்து வீட்டுச் சுவரில் படம் காட்டுவதற்கு அவர்களுக்கு அது வேண்டும். உங்கள் மாணவர்கள்தாம்.

கேள்வி: என் சிறுவயதில் பேரணாம்பட்டுக்கு அருகில் டூரிங் கொட்டகையில் படம் பார்ப்போம். ஊருக்கே மின்சாரம் இல்லாத காலம். அங்கே மட்டும் படம் நின்றதாக நினைவில்லையே?
— வாசகர், மேல்பட்டி

ஊரில் மின்சாரம் இல்லை, ஆகவே மின்வெட்டும் இல்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படம் காட்டும் கருவியோடு ஊர் ஊராகப் போன நாளிலிருந்து டூரிங் சினிமாக்காரர்கள் வெளிச்சத்தையும் கையோடு கொண்டுபோனவர்கள். கொட்டகைக்குப் பின்னால் ஆயில் என்ஜின், அதிலிருந்து பெல்ட், பெல்ட்டில் டைனமோ. கார்பனுக்கு வேண்டியது டி.சி. மின்சாரம், டைனமோ கொடுப்பதும் டி.சி. என்றால் நடுவில் ரெக்டிஃபையர் என்ற தொல்லையே கிடையாது. மின்வாரியத்து ஏ.சி. மின்சாரத்தை வாங்கி டி.சி.யாக மாற்றிக்கொண்டிருந்த நகரத்துத் திரையரங்குகளைவிட எங்கள் கொட்டகை ஒரு படி எளிமையானது.

ஆனால் படம் நிற்கவே இல்லை என்கிறீர்களே, அது வயதானவர்கள் நினைவின் தாராளம். என்ஜின் திணறினால் மோட்டார் வேகம் குறையும், கதாநாயகி ஆண் குரலில் பாடுவாள். என்ஜின் டிரைவர் தொட்டித் தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு திருகைத் திருப்பி, வையவும் வைதுவிட்டு வருவார். கதாநாயகி மீண்டும் பெண்ணாவாள். மணலில் உட்கார்ந்திருந்த நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரித்ததை நிறுத்தம் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை.

கேள்வி: 2012-ஆம் ஆண்டு மின்வெட்டை மறக்க முடியுமா? அப்போது திரையரங்குகள் எப்படித் தாக்குப்பிடித்தன? லாபம் வந்ததா, நட்டமா?
— மளிகைக் கடை உரிமையாளர், இராணிப்பேட்டை

வியாபாரி என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

2008 முதலே மின்வெட்டு அறிவித்து நடந்தது. 2012-இல் அது உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம், நமக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள்களில் அதற்கும் மேல். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் கொஞ்சம் மூச்சு விட்டோம், ஐப்பசியில் மறுபடி கழுத்தைப் பிடித்தது. உயர் அழுத்த இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு 40 விழுக்காடு வெட்டு, அதற்கு மேல் மாலை 6 மணி முதல் 10 மணி வரை மின்சாரத்தைத் தொடவே கூடாது என்கிற அளவுக்குக் கட்டுப்பாடு. மாலை 6 முதல் 10 என்றால் என்ன? எங்களுக்கு முதல் ஆட்டம். அந்த ஒரு ஆட்டத்தை நம்பித்தான் திரையரங்கே நடக்கிறது.

எங்களிடம் இருந்தது 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர். முழுச் சுமை கொடுத்தால் 50 கிலோவாட் தரும். ஏ.சி.யை அணைத்துவிட்டு மின்விசிறி, புரொஜெக்டர், ஒலி, விளக்கு, தண்ணீர் மோட்டார் என்று ஓட்டினால் 30 கிலோவாட் இழுக்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 யூனிட் கிடைக்கும். அப்படியானால் மணிக்கு 10 லிட்டர், இரண்டரை மணி நேரப் படத்துக்கு 25 லிட்டர். அந்தச் செப்டம்பரில் டீசலுக்கு ஒரே அடியாக 5 ரூபாய் ஏற்றி, விலை 50 ரூபாயை ஒட்டிப் போனது. ஒரு ஆட்டத்துக்கு டீசலுக்கு மட்டும் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். நாற்பது ரூபாய் டிக்கெட்டில் முதல் முப்பது பேர் டீசலுக்காக வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களிடமிருந்துதான் படக்காரர் பங்கு, வரி, சம்பளம். செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு முப்பது பேரே வராத நாள்கள் உண்டு. அன்றைக்கு வந்த பன்னிரண்டு பேரையும் சமாதானம் சொல்லி மாலை ஆட்டத்துக்கு வரச் சொல்வோம்.

நட்டம்தானா என்றால், அதுவும் முழு உண்மையில்லை. வீட்டில் மின்விசிறி சுற்றாததால் திரையரங்குக்கு வந்தவர்கள் உண்டு. கைக்குழந்தையோடு வந்த அம்மாக்கள் படத்தைப் பார்த்ததாகவே எனக்குத் தெரியவில்லை; விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக் குழந்தையைத் தூங்கவைத்தார்கள். பொதுத்தேர்வு மாதத்தில் டிக்கெட் வாங்காமலேயே பிள்ளைகள் முன் வாசல் விளக்கடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். ஜெனரேட்டர் போடும் இரைச்சலில் என்ன படித்தார்களோ! விரட்ட வேண்டாம் என்று முதலாளி சொன்னார். அந்த ஒரு விஷயத்துக்காக அவர் மீது எனக்கு மரியாதை. சம்பள விஷயத்தை இன்னொரு நாள் பேசலாம்.

ஒரு செய்தி பலருக்கு மறந்திருக்கும். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா முழுக்க இருண்டபோது நமக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை. தென்னிந்திய மின்தொகுப்பு அப்போது தனியாக இருந்தது, 2013 டிசம்பர் 31 அன்றுதான் மற்றதோடு முழுமையாக இணைத்தார்கள். தனியாக இருந்ததால் அவர்கள் இருட்டு நமக்கு வரவில்லை. அங்கிருந்து வேண்டிய அளவு மின்சாரமும் வர வழியில்லை. நாங்கள் அன்று வழக்கமான எங்கள் சொந்த இருட்டில் உட்கார்ந்து அவர்களுக்காக வருத்தப்பட்டோம்.

கேள்வி: இப்போது எல்லாம் டிஜிட்டல். ஜெனரேட்டர் உடனே வந்துவிட்டாலும் படம் தொடங்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பழைய காலத்தைவிட மோசம்! ஏன்?
— கல்லூரி மாணவி, காட்பாடி

நியாயமான எரிச்சல், அம்மா. படம் இப்போது ஒரு கணினிக்குள் இருக்கிறது. அணைந்த கணினி முழுதாக எழுந்து, தன் வட்டுகளைச் சரிபார்த்து, புரொஜெக்டரோடு பேசி முடிக்கும் வரை யார் விசில் அடித்தும் பயனில்லை. அதனால்தான் சர்வர் என்கிற அந்தக் கணினிக்கு யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொள்வோம். சர்வர் விழித்திருந்தால் நின்ற காட்சியிலிருந்தே தொடரலாம், அந்த வகையில் படச்சுருளைவிட நேர்மையானது.

விளக்கு வேறு கதை. லேசர் புரொஜெக்டர் வாங்காத அரங்குகளில் இன்னும் செனான் விளக்குதான். அதன் கண்ணாடிக்குள் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள், எரியும்போது அழுத்தம் இன்னும் ஏறும். அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடி அதைக் குளிரவைக்க வேண்டும். மின்சாரம் சட்டென்று போனால் விசிறியும் நின்றுவிடும், விளக்கு தன் சூட்டிலேயே வேகும். அந்தச் சூட்டோடு மறுபடி ஏற்றினால் விளக்கின் ஆயுள் குறையும், சில வேளை வெடித்தும் விடும். முகக் கவசமும் கனத்த கையுறையும் போடாமல் செனான் விளக்கை நாங்கள் கையில் எடுப்பதே இல்லை. பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும் ஆபரேட்டர் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஜெனரேட்டர் வந்ததும் முதல் வேலையாக ஏ.சி.யைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி இருட்டாக்கும் ஆள்தான் தண்டனைக்குரியவர். விளக்கு, விசிறி, புரொஜெக்டர், அதற்குப் பிறகு ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏ.சி. வேலூர்ப் பங்குனி வெயிலில் இந்த வரிசையைக் கூட்டத்துக்கு விளக்குவது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு படத்தின் கடைசி நாளில் இன்னொரு சங்கடமும் உண்டு. டிஜிட்டல் படத்தைத் திறக்க ஒரு மின்னணுச் சாவி அனுப்புவார்கள், இன்ன நேரம் வரை செல்லும் என்று கெடு வைத்திருப்பார்கள். மின்வெட்டால் இரண்டாம் ஆட்டம் தள்ளிப்போய்க் கெடு தாண்டினால், படம் உள்ளேயே இருக்கும், திறக்காது. நள்ளிரவில் புதுச் சாவி கேட்டுத் தொலைபேசியில் கெஞ்ச வேண்டும்.

கேள்வி: பாதிப் படத்தில் நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் பணம் கேட்டால் "அரைப் படம் பார்த்துவிட்டீர்களே" என்கிறார்கள். இது சரியா?
— இல்லத்தரசி, வாலாஜாபேட்டை

சரியில்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமல் அனுப்புவதற்குப் பெயர் அரைப் படம் என்றால், அந்த அரைப் படத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். பணத்தைத் தரலாம், அல்லது டிக்கெட்டின் பின்புறம் கையெழுத்துப் போட்டு மறுநாள் வரச் சொல்லலாம். இரண்டாவதுதான் திரையரங்குக்கு லாபம். மறுநாள் வருகிறவர்கள் முறுக்கும் காபியும் வாங்குவார்கள். டிக்கெட்டின் கிழித்த துண்டை மட்டும் தொலைக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: திருவலத்தில் இருக்கிறோம். என் கணவர் லைன்மேன். ஊரில் இவ்வளவு பெரிய துணை மின்நிலையம் இருந்தும் எங்கள் வீட்டிலேயே மின்வெட்டு. அதைவிட என் கவலை வேறு: திரையரங்கு, திருமண மண்டபம் ஜெனரேட்டர்களால் கம்பத்தில் ஏறுகிறவர்களுக்கு ஆபத்து என்கிறார். உண்மையா?
— வாசகி, திருவலம்

முதல் கேள்விக்குச் சிறிய பதில், அம்மா. உங்கள் ஊர்த் துணை மின்நிலையத்துக்கு வருவது 765 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் கம்பிகள். அவை மாநிலம் விட்டு மாநிலம் போகிறவை, உங்கள் தெருவை அவற்றுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வருவது 11 கிலோவோல்ட் ஃபீடர், அதாவது ஊருக்குள் பிரியும் கிளைக் கம்பி. அதில் ஒரு புளியமரக்கிளை விழுந்தால் போதும். பெரிய மருத்துவமனை இருக்கும் ஃபீடரில் இணைப்புக் கிடைத்த திரையரங்குக்காரர் பாக்கியசாலி என்று வேலூரில் சொல்வோம்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் கணவர் சொன்னது முழு உண்மை. இதை முதலாளிகள் படிக்க வேண்டும் என்பதற்காகவே நீளமாக எழுதுகிறேன். தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 400 சொச்சமாக இறக்கித் தருகிறது. அதற்குத் திசை தெரியாது. மின்வாரியத்து இணைப்பைத் துண்டிக்காமல் நம் ஜெனரேட்டரை ஓட்டினால், நம்முடைய 400 வோல்ட் மீட்டர் வழியாக வெளியே போய், அதே டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, கம்பத்தில் 11,000 வோல்ட்டாக நிற்கும். மின்சாரம் இல்லை என்று நம்பி ஏறியவர் அதில் கை வைப்பார்.

இதைத் தடுக்கத்தான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரே கைப்பிடி. மேலே தள்ளினால் மின்வாரியம், கீழே இழுத்தால் ஜெனரேட்டர், நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே இருக்கக் கூடாது. அந்தச் சுவிட்சு பழுதானால் சிலர் அதை மாற்றாமல், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு ஜெனரேட்டரைப் போடுவார்கள். ஒரு நாள் அவசரத்தில் பிடுங்க மறப்பார்கள். திருமண மண்டபத்தில் வாடகை ஜெனரேட்டரை ஏதோ ஒரு பிளக்கில் செருகி ஓட்டுவதும் இதே பாவம்தான். கம்பத்தில் ஏறுவதற்கு முன் கம்பியைச் சோதித்து, மூன்று கம்பிகளையும் சேர்த்துப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிக்கொள்கிறாரா என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். "அவசரம், சின்ன வேலைதானே" என்று பதில் வந்தால் அன்று சோறு போடாதீர்கள்.

கேள்வி: கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவன்று குடியாத்தத்தில் திரையரங்குகளுக்குக் கொண்டாட்டமா, திண்டாட்டமா?
— வாசகர், கே.வி.குப்பம்

வைகாசி முதல் நாள், அக்னி நட்சத்திரம், ஊர் கொள்ளாத கூட்டம். விடிய விடிய ஆட்டம் போடுவார்கள், பாதிப் பேர் தூங்குவதற்கு டிக்கெட் வாங்குவார்கள். உயரமான அலங்காரம் எது வந்தாலும் கம்பியில் உரசாமல் இருக்க அந்தத் தெருவின் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அது நியாயமான மின்வெட்டு, அன்றைக்கு யாரும் விசில் அடிப்பதில்லை. தூங்குகிறவர்கள் மட்டும் விசிறி நின்றதும் எழுந்து நம்மை முறைப்பார்கள்.

கேள்வி: எங்கள் அரங்கின் அவசர விளக்குகளும் யு.பி.எஸ். பேட்டரியும் பேருக்குத்தான் இருக்கின்றன. மாற்றச் சொன்னால் "ஜெனரேட்டர்தான் இருக்கிறதே" என்கிறார் முதலாளி. அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? பெயர் போட வேண்டாம்.
— ஆபரேட்டர், வாணியம்பாடி

பெயர் போடவில்லை. வாணியம்பாடியில் எத்தனை ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள் என்று உங்கள் முதலாளி எண்ணத் தொடங்காமல் இருக்க வேண்டும்.

சட்டத்தைக் காட்டிப் பயனுண்டு. 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் படம் காட்ட நமக்கு சி படிவ உரிமம் கொடுக்கிறார்கள். அதற்கு மின் ஆய்வாளரின் சான்று வேண்டும். அவர் வரும் நாளுக்கு முந்திய வாரம் கேட்டால் பேட்டரிக்குப் பணம் கிடைக்கும், வந்து போன மறுநாள் கேட்டால் கிடைக்காது. இது என் அனுபவத்தில் ஒருபோதும் தவறியதில்லை.

அதற்குள் உங்களால் ஆனதைச் செய்யுங்கள். டியூபுலர் பேட்டரி என்றால் மூடியைத் திறந்து நீர்மட்டம் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். நம் பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீர் துணியையே வெளுக்கவிடாது, பேட்டரித் தகட்டை என்ன பாடுபடுத்தும்! முனையில் பூத்த வெள்ளையைச் சுத்தம் செய்து வாசலின் தடவுங்கள். ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டிங் பேட்டரியையும் மறக்க வேண்டாம். டீசல் தொட்டி நிறைய இருந்தும் பன்னிரண்டு வோல்ட் இல்லாமல் படம் நின்ற திரையரங்குகள் ஏராளம். வாரம் ஒரு முறை ஜெனரேட்டரைச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். சும்மா உறுமவிட்டு நிறுத்துவது சோதனை ஆகாது.

முதலாளிக்கு என்னிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. காலைக் காட்சிக்கு முன்னால், அரங்கில் ஒருவரும் இல்லாதபோது, "ஒலி சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள், ஐயா" என்று பால்கனியில் நடு வரிசையில் அவரை உட்காரவையுங்கள். பாட்டு ஒன்றைப் போடுங்கள். மெயினை இறக்குங்கள். ஜெனரேட்டரைப் போடாதீர்கள், டார்ச்சும் கொடுக்காதீர்கள். அவராகவே படி இறங்கி வரட்டும். பால்கனிப் படியில் கைப்பிடி எங்கே முடிகிறது என்று அவருக்கு அன்றுதான் தெரியும். நான் இருந்த இடத்தில் அன்று மாலைக்குள் பேட்டரி வந்துவிட்டது. முதலாளிக்கு முட்டிவலி இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஆய்வாளரின் தேதிக்குக் காத்திருங்கள்.